டூ பிளஸ் என்று வந்த ரிப்போர்ட்

“டூ பிளஸ்னு போட்டிருக்காகளே, அப்படின்னா ரெண்டாவது ஸ்டேஜா அண்ணே?”

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண் என்னிடம் கேட்டது இது. கையில் செல்போன். அதில் மதுரை லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட். அவருடைய அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்சி எடுத்தாயிற்று, புற்றுநோய்தான் என்பதும் தெரிந்துவிட்டது. இப்போது இரண்டாவதாக வந்த காகிதத்தில் ‘ஹெர்-2: 2+, ஈக்விவோக்கல், ஃபிஷ் பரிசோதனை செய்யவும்’ என்று ஒரு வரி. வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். ஸ்டேஜ் இரண்டு என்றார் மருமகன். பிளஸ் என்றால் நல்லதுதானே என்றார் இன்னொருவர். மீன் சாப்பிடச் சொல்கிறார்களா என்று சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பயந்து போன வீட்டில் எந்தக் கேள்வியும் தப்பில்லை. அந்த ஒரு வரியை விளக்க அன்று எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயம் தெளியட்டும். 2+ என்பதற்கும் நோயின் ஸ்டேஜுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, அக்குள் நெறிகளுக்குப் போயிருக்கிறதா, மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதைச் சொல்வது. 2+ என்பது கட்டியின் ஒரு மெல்லிய சீவலில் ஒரு குறிப்பிட்ட சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குக் கொடுத்த மதிப்பெண். அந்த மதிப்பெண் ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை, வேறு வழியில் பாருங்கள் என்கிறது.

எதைப் பார்க்கச் சொல்கிறது? அதற்குச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்துப் பேரேடுகள் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்றும் இரண்டாம் கட்டு அறைகளில் கிடக்கின்றன. நம் உடம்பின் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் அப்படி 46 பேரேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாய் கொடுத்தது 23, தகப்பன் கொடுத்தது 23. இவைதாம் குரோமோசோம்கள். பதினேழாம் எண் பேரேட்டில் ஒரு பக்கத்தின் பெயர் ஹெர்-2. அந்தப் பேரேடு ஒரு செல்லில் இரண்டு இருப்பதால் அந்தப் பக்கமும் இரண்டு.

பக்கம் என்பது ஜீன். அதில் எழுதியிருப்பது ஒரு புரதத்தைச் செய்யும் உத்தரவு. அந்தப் புரதம் செல்லின் மேற்சவ்வில் நின்றுகொண்டு ‘வளர், இரண்டாகப் பிரி’ என்கிற செய்தியை உள்ளே அனுப்பும். அளவோடு இருந்தால் உடம்புக்கு அது வேண்டியதுதான். சில புற்றுக் கட்டிகளில் கணக்கப்பிள்ளைக்குப் பித்துப் பிடித்ததுபோல அந்த ஒரு பக்கம் மட்டும் மறுபடி மறுபடி நகல் எடுக்கப்படுகிறது. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபது, முப்பது, சில கட்டிகளில் ஐம்பது. ஜீன் பெருக்கம் என்பது இதுதான். பக்கம் பெருகினால் உத்தரவு பெருகும், உத்தரவு பெருகினால் வாசலில் வந்து இறங்கும் சரக்கு பெருகும். அப்படிப்பட்ட செல்லின் மேற்சவ்வில் ஹெர்-2 புரதம் வழக்கத்தைவிட நாற்பது முதல் நூறு மடங்கு வரை நிற்கும். ஓயாமல் ‘வளர், வளர்’ என்ற செய்தி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் இந்த வகை.

இந்தியப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோய்தான். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பு இந்தியாவில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பேர் என்கிறது. அதில் ஆறில் ஒருவர், ஏழில் ஒருவர் ஹெர்-2 பெருகியவர் என்றால் அது எத்தனை வீடு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்? 1987இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 189 மார்பகக் கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் இந்த ஜீன் எத்தனை இருக்கிறது என்று பார்த்தார்கள். எண்ணிக்கை கூடக் கூட, நோய் திரும்பி வருவதும் சீக்கிரமாக நடந்தது. அன்று அது கெட்ட செய்தியாக மட்டுமே இருந்தது. ஆனால் வாசலில் இத்தனை சரக்கு நிற்கிறது என்றால் அதையே குறி வைத்து அடிக்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுத்தது. மேற்சவ்வில் நிற்கும் ஹெர்-2 புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005இல் வெளியான பெரிய ஆய்வுகள், ஆரம்ப நிலையில் அறுவை முடிந்த பெண்களுக்குக் கீமோவுடன் சேர்த்தோ அதற்குப் பிறகோ இதைக் கொடுத்தால், நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டின. கெட்ட செய்தி என்று கருதப்பட்ட ஒரு ரிப்போர்ட், மருந்து கைவசம் இருக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட்டாக மாறியது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

அந்த மருந்து புரதம் குவிந்து நிற்கும் கட்டியில்தான் வேலை செய்யும். பெருக்கம் இல்லாத கட்டிக்கு, சாயம் கொஞ்சம் ஏறியிருக்கிறதே என்று சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் இல்லை என்றே தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என ஒரு வருடம் ஏறும் மருந்து. சிலருக்கு இதயத்தின் பலத்தைக் குறைக்கும். அதனால்தான் நடுநடுவே எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ஆக, தவறாகப் பாசிட்டிவ் என்று வந்தால் பணமும் இதயமும் வீணாகப் பாதிக்கப்படும். தவறாக நெகட்டிவ் என்று வந்தால் உயிரைக் காத்திருக்கக்கூடிய மருந்து கிடைக்காமலே போகும். மதிப்பெண்ணில் இவ்வளவு கவனம் எடுப்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

இனி அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

ஊசி போட்டு எடுத்த சதை லேபுக்கு வந்ததும் பதப்படுத்தி, நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்து ஒரு சிறு கட்டியாக ஆக்குகிறார்கள். இதற்குப் பிளாக் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சிறியது. அந்தப் பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். தலைமுடி ஒன்றின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஹெர்-2 புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன் மேல் விடுவார்கள். பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் தோன்றும். இதுதான் ஐ.எச்.சி. வாசலில் நிற்கும் சரக்கைப் பார்த்துக் கடையின் வியாபாரத்தை ஊகிப்பது போன்றது.

பத்தாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் பார்க்கும்போது பழுப்பே இல்லாவிட்டாலோ, பத்து சதவீதத்துக்கு மேற்படாத செல்களில் மங்கலாக, அரைகுறையாக இருந்தாலோ பூஜ்யம். மங்கலாக, சுற்று முழுமையாகாமல், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் இருந்தால் 1+. இரண்டும் நெகட்டிவ். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி அழுத்தமான பழுப்பு வளையம் விழுந்து, பார்ப்பதற்குக் கோழிக்கூண்டின் கம்பிவலைபோல இருந்தால் 3+. அது பாசிட்டிவ், மேற்கொண்டு சோதனை தேவையில்லை. வளையம் முழுமையாக இருக்கிறது, ஆனால் நிறம் அழுத்தமாக இல்லை என்றால் 2+. இதில் பக்கம் பெருகிய கட்டியும் இருக்கும், பெருகாத கட்டியும் இருக்கும். சாயத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் முடியாது. பேரேட்டைத் திறந்து பக்கத்தை எண்ணித்தான் ஆக வேண்டும்.

அப்படி எண்ணுவதுதான் ஃபிஷ். ஒளிரும் சாயம் கட்டிய சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் செல்லின் கருவுக்குள் அனுப்பி, தன் ஜோடியைத் தேடி ஒட்டிக்கொள்ள வைக்கிற முறை. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து மீனாகிவிட்டன, அவ்வளவுதான். சீவலை மெழுகு நீக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதியால் கொஞ்சம் தளர்த்தி, சூடாக்கி டி.என்.ஏ.வின் இரட்டைச் சரத்தைப் பிரித்து, ஒளிரும் துண்டுகளை விட்டு, உடம்புச் சூட்டிலேயே ஓர் இரவு வைக்கிறார்கள். மறுநாள் இருட்டறையில் ஒளிர் நுண்ணோக்கி. கருக்கள் நீலமாகத் தெரியும். அவற்றுக்குள் ஹெர்-2 ஜீன் இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. கூடவே பச்சைப் புள்ளிகளும் இருக்கும்.

பச்சை எதற்கு? இந்த இடம்தான் பலருக்கும் புரியாமல் போகிறது. பேரேட்டின் நடுத் தைப்பு இருக்கிறதல்லவா, அதை எண்ணுவதற்குத்தான் பச்சை. சில கட்டிகளில் ஹெர்-2 பக்கம் மட்டும் பெருகாமல், பதினேழாம் பேரேடு முழுதுமே கூடுதலாக இருக்கும். அப்போது சிவப்பும் கூடும், பச்சையும் கூடும். அதைப் பெருக்கம் என்று சொல்லிவிட முடியாது. பேரேட்டின் எண்ணிக்கையை வைத்துப் பக்கத்தின் எண்ணிக்கையை வகுத்தால்தான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாக நகல் ஓடியதா என்பது தெரியும். ரிப்போர்ட்டில் ‘விகிதம்’ என்று வருவது இந்த வகுத்தல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தது 20 செல்களிலாவது எண்ண வேண்டும் என்பது விதி. சீவும்போது சில கருக்கள் பாதியாக வெட்டுப்பட்டு, புள்ளிகள் குறைந்துவிடும். ஒன்றிரண்டு செல்லை நம்ப முடியாது. 20 செல்லில் சிவப்பு மொத்தம் 132, பச்சை மொத்தம் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குச் சிவப்பு சராசரி 6.6. விகிதம், 132ஐ 42ஆல் வகுத்தால் 3.14. விகிதம் 2 அல்லது அதற்கு மேல், சிவப்பின் சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் பெருக்கம் உண்டு, பாசிட்டிவ். இந்தக் கட்டி அப்படிப்பட்டது. இன்னொரு கட்டியில் சிவப்பு 62, பச்சை 44. சராசரி 3.1, விகிதம் 1.41. பெருக்கம் இல்லை, நெகட்டிவ். மூன்றாவது ஒன்றில் சிவப்பு 90, பச்சை 80. சராசரி 4.5 என்று கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் விகிதம் 1.13. பக்கம் பெருகவில்லை, பேரேடே இரட்டித்திருக்கிறது. இந்த மாதிரி வழக்குகளில் சாய மதிப்பெண்ணும் 2+ ஆக இருந்தால், முதல் எண்ணிக்கையை அறியாத இன்னொருவர் மறுபடி எண்ண வேண்டும். அவருக்கும் அதே வந்தால் நெகட்டிவ் என்று, ஒரு குறிப்போடு எழுதுவார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் பத்தாலஜிஸ்டுகளின் கல்லூரியும் சேர்ந்து 2007இல் வகுத்து 2013இலும் 2018இலும் திருத்திய இந்த வரையறைகளைத்தான் நம் ஊர் லேபுகளும் பின்பற்றுகின்றன. பழைய ரிப்போர்ட் ஒன்றை இன்று படிக்கிறீர்கள் என்றால் தேதியைப் பாருங்கள். 2018க்கு முன் ‘ஈக்விவோக்கல்’ என்று நின்றுபோன ஃபிஷ் ரிப்போர்ட்டுகள் இன்றைய விதிப்படி வேறு முடிவுக்கு வரக்கூடும்.

எல்லோருக்கும் நேராக ஃபிஷ் செய்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். செலவு அதிகம், நாள் அதிகம், அதற்கான கருவியும் எண்ணத் தெரிந்த ஆளும் சில ஊர்களில்தான் உண்டு. ஐ.எச்.சி.யில் தெளிவாக வந்துவிட்டவர்களை அதோடு விட்டு, நடுவில் நிற்பவர்களை மட்டும் மேலே அனுப்புவது நியாயமான ஏற்பாடு. காரைக்குடியிலிருந்து பிளாக் மதுரைக்கோ சென்னைக்கோ போகும். சில சமயம் அங்கிருந்து கூரியரில் வேறு மாநிலத்து லேபுக்கும் போகும். ரிப்போர்ட் ஒரு வாரம், பத்து நாள் தள்ளி வரும். அந்தப் பத்து நாளில் வீட்டார் படும் பாடு எனக்குத் தெரியும். லேபில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இவ்வளவு நுட்பமான எண்ணிக்கை, ஆனால் இதன் தலைவிதி நிர்ணயமாவது பெரிய லேபில் அல்ல. சதை உடம்பை விட்டு வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில், காரைக்குடியிலேயே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிர்ணயமாகிவிடுகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து சதை கெட ஆரம்பிக்கிறது. நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகம். புரதமும் டி.என்.ஏ.வும் சிதையாமல் இருந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது ஃபார்மலின். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் போட்டாக வேண்டும். சாதாரண ஃபார்மலின் போதாது, அமிலத்தன்மை ஏறாமல் பஃபர் சேர்த்த பத்து சதவீத ஃபார்மலின் வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலந்து மாதக் கணக்கில் அலமாரியில் வைத்திருந்த ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி டி.என்.ஏ.வைத் துண்டாடிவிடும். பிறகு எந்த ஊரில் ஃபிஷ் செய்தாலும் புள்ளி தெரியாது. சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். முழு மார்பையும் எடுத்திருந்தால், அதை அப்படியே வாளியில் முக்கி வைத்தால் போதாது. ஃபார்மலின் ஒரு மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே பெரிது, கொழுப்பில் அதைவிட மெதுவாகத்தான் இறங்கும். முழு மாங்காயை உப்பு நீரில் போட்டால் கொட்டைப் பக்கம் உப்பு ஏறாததைப் போல, வெளிப்புறம் பதமாகி உள்ளே இருக்கும் கட்டி அழுகியிருக்கும். அதனால் கத்தியால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கீறி, நடுவில் ஃபார்மலின் புக வழி செய்ய வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் அறுவை செய்த மருத்துவரோ லேப் ஆளோ, அதை அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

கால அளவும் உண்டு. ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம். குறைந்தால் வேகாத சோறு, கூடினால் குழைந்த சோறு, இரண்டிலும் சாயம் சரியாக ஏறாது. 72 மணி நேரம் என்பது மூன்று நாள். தை பிறக்கும்போது போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வரிசையாக நான்கு நாள் லேப் மூடியிருக்கும். போகிக்கு முதல் நாள் மாலை எடுத்த பயாப்சி காணும் பொங்கல் முடிந்து லேபுக்குப் போனால் அளவு தாண்டிவிட்டது. ஒரு வாரம் தள்ளி எடுப்பதால் இந்த நோயில் பெரும்பாலும் கெடுதல் இல்லை, இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். கெட்டுப்போன பயாப்சியை மறுபடி எடுப்பதுதான் உண்மையான தாமதம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில் எடுத்த சதையைக் குறுகிய வாய் உள்ள ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போகும்போது மெத்தென்று போய்விட்டது. ஃபார்மலினில் இறுகியபின் வெளியே வரவில்லை. பாட்டிலை உடைத்து எடுத்தார்கள். இன்னொரு வீட்டில், டப்பாவில் இருந்தது ஃபார்மலினே இல்லை, குளுக்கோஸ் பாட்டிலில் வருமே அந்த உப்பு நீர். பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு அதிகாலைப் பல்லவனில் சென்னை வரை போனான். அவன் அம்மா மீது வைத்த அக்கறையில் ஒரு குறையும் இல்லை. சொல்லித்தர ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சதையில் ஹெர்-2 பார்க்க முடியவில்லை.

ஆகவே டப்பாவை உங்கள் கையில் கொடுத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். “சார், இது பஃபர் ஃபார்மலினா? எத்தனை மணிக்குப் போட்டீங்க? டப்பா மேல எழுதியிருக்கா?” இவ்வளவு போதும். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல லேபில் இந்த நேரத்தைப் படிவத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். டப்பாவைப் பிரிட்ஜில், அதிலும் ஃப்ரீஸரில், வைக்காதீர்கள். வாய் அகலமான டப்பா வேண்டும். மெழுகு பிளாக்கை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரியில் பாரஃபின் உருகிவிடும், அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும்.

மருந்தின் விலை பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் பாதிதான். முதலில் வந்தபோது டிராஸ்டுசுமாப் நம் நடுத்தர வீடுகளின் எல்லைக்கே அப்பால் இருந்தது. இந்தியாவில் நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தவர்கள் இதற்காகவே போராடினார்கள். 2013இல் ரோஷ் நிறுவனம் இந்தியக் காப்புரிமையைத் தொடரப்போவதில்லை என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரின் பயோகான் தயாரித்த ஒப்புமை மருந்துக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்தியாவின் பட்டியலிலும் டிராஸ்டுசுமாப் ஏறியது. இன்று பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் மருந்துக்கும் சோதனைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. அந்த அடையாறு நிறுவனத்தை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டர் வி. சாந்தா 1955இல் அங்கே சேர்ந்து, 2021இல் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். பணமில்லை என்று சிகிச்சை நிற்கக் கூடாது என்பதை ஒரு வேலைமுறையாகவே ஆக்கிக் காட்டியவர்கள் அவர்கள். அந்த வாசலை மிதிக்கத் தயங்க வேண்டாம்.

அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2022 வரை பூஜ்யமும் 1+உம் ஒன்றுதான், இரண்டும் நெகட்டிவ் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஹெர்-2 எதிர்ப்பொருளோடு கீமோ மருந்தைக் கட்டி அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற புது மருந்து, நோய் பரவிய நிலையில், 1+ உள்ளவர்களுக்கும் ஃபிஷ் நெகட்டிவ் ஆன 2+ உள்ளவர்களுக்கும் பலன் தந்தது. அதிலிருந்து ‘ஹெர்-2 லோ’ என்று ஒரு சொல் புழங்குகிறது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் இந்த மருந்துக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது, ஆனாலும் விலை இன்னும் அதிகம்தான். ரிப்போர்ட்டில் வெறும் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பூஜ்யமா, 1+ஆ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சிறு எண் பின்னால் ஒரு நாள் உதவும்.

இரைப்பைப் புற்றுநோயிலும் இதே ஜீன் பெருகுவது உண்டு. 2010 முதல் அங்கும் டிராஸ்டுசுமாப் பயன்படுகிறது, மதிப்பெண் போடும் முறை மட்டும் கொஞ்சம் வேறு. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில் என்-மிக் என்ற வேறொரு ஜீனை இதேபோல் எண்ணுகிறார்கள். அங்கே எண்ணிக்கை, குழந்தைக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்தத் திண்ணையில் கடைசியாக வந்த கேள்வி, யாரும் சத்தமாகக் கேட்கத் துணியாத கேள்வி. வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். “ஜீன்னு சொல்றாக. அப்ப இது பேத்திக்கும் வருமா? வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாக?” என்று அந்தப் பெரியவர், நோய் கண்ட அம்மாவே, கேட்டார். ஜீன் என்ற சொல்லைக் கேட்டதும் பரம்பரை என்று நினைப்பது இயல்பு. ஹெர்-2 பெருக்கம் பரம்பரையில் வருவது இல்லை. அவருடைய மற்ற செல்களில், கையில், ரத்தத்தில் எல்லாம் அந்தப் பக்கம் இரண்டே இரண்டுதான், கருமுட்டையில் ஒன்றே ஒன்று. கட்டிக்குள், கட்டி வளரும்போது நடந்த கோளாறு அது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. பரம்பரையில் வரும் மார்பகப் புற்றுநோய் வேறு, அதற்குப் பி.ஆர்.சி.ஏ. போன்ற ஜீன்களை ரத்தத்தில் பார்க்கிறார்கள், அந்தச் சோதனை யாருக்கு வேண்டும் என்பதை நோயாளியின் வயதையும் குடும்பத்தில் யார் யாருக்கு வந்தது என்பதையும் கேட்டு மருத்துவர் சொல்வார். ஹெர்-2 ரிப்போர்ட்டைக் காட்டி எந்தப் பெண்ணின் கல்யாணத்தையும் நிறுத்த ஒருவருக்கும் நியாயம் இல்லை. இதைச் சொன்னபோது அந்த ஆச்சியின் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. தன் நோயைவிட அதுதான் அவரை அழுத்திக்கொண்டிருந்தது.

ஃபிஷ் முடிந்து ரிப்போர்ட் வந்ததும் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள், அல்லது லேபில் இருக்கட்டும் என்றால் பயாப்சி எண்ணை எழுதி வையுங்கள். அது நோயாளியின் சதை, வேண்டும்போது கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டு. நோய் சில வருடம் கழித்துத் திரும்பினால், புதுக் கட்டியிலும் ஹெர்-2 பார்ப்பார்கள், ஏனென்றால் சிலருக்குப் பாசிட்டிவ் நெகட்டிவாகவும் நெகட்டிவ் பாசிட்டிவாகவும் மாறுவது உண்டு. அப்போது பழைய பிளாக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கும். வெயில் படாத, ஈரமில்லாத பீரோ தட்டு போதும். கவரின் மேல் பெயர், பயாப்சி எண், எடுத்த தேதி. அந்த வீட்டில் அதைச் சொத்துப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார்கள்.